யாருக்கு எடுத்த படம்

கடையில் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அட்டையைத் திருப்பி, இது எந்த வயதுக்காரர்களுக்கு என்று தேடுகிறவர் அந்த அக்கா. விலையை அதற்கப்புறம்தான் பார்ப்பார். பொம்மை, பிஸ்கட், இருமல் மருந்து, எதுவானாலும் சரி, "இது எத்தனை வயசுக்கு?" என்று கேட்காமல் அவர் பைக்குள் எதுவும் போகாது. ஒருமுறை பஜாரில் புடவைக் கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டே போனார். அக்கா ஒன்றைத் தடவிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது ஐம்பது வயதுக்காரிக்கு நெய்தது என்று மடித்து வைத்தார். எல்லா வயசுக்கும் பொருந்துங்க என்றார் கடைக்காரர். "எல்லாருக்கும் பொருந்தும்னா யாரையும் நெனச்சு நெய்யலன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார் அக்கா. கூட ஒட்டிக்கொண்டு போன எனக்குத்தான் மானம் போயிற்று. கடைக்காரர் அந்தப் புடவையை எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். கையில் ஊசியோடு நிற்கிற வேலை. என்னைத் தெருவில் கண்டாலே 'ஊசிக்காரி' என்று குழந்தைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சொந்த ஊர் விழுப்புரம். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து போனதில் இடுப்பு கழன்றுபோய், மரக்காணம் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். கீழ்வீட்டில் அக்காவும் அவர் மகளும் இருந்தார்கள். அக்காவுக்குப் பிறந்த ஊரும் வாழப்போன ஊரும் கோட்டக்குப்பம். திண்டிவனத்து வீடு அவருடைய அத்தா, அப்பாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எப்போதோ வாங்கிப் போட்டது. கூட்டுக் குடும்பத்தில் ஏதோ ஒத்துவராமல், மகளின் பள்ளிக்கூடத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். கணவர் குவைத்தில் ஒரு பட்டறையில் வேலை. மகளை எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

முதல் நாளே என்னிடம் வயதைக் கேட்டார். சொன்னேன். அரை நிமிடம் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீட்டில் ஒரே குழம்பு மூன்று காரத்தில் இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. பாப்பாவுக்கு ஒன்று, தெருக்கோடியிலிருந்த வயசான பெரியம்மாவுக்கு ஒன்று, எங்களைப் போன்ற நாக்குச் செத்தவர்களுக்கு ஒன்று. யாருக்கு என்ன தாங்கும் என்று அக்காவின் மனதுக்குள் ஒரு கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. தனக்கென்று அவர் எந்தக் கிண்ணத்தில் போட்டுக்கொள்வார் என்று நான் கவனித்ததில்லை. மூன்றிலும் மிஞ்சியதைத்தான் சாப்பிட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விண்வெளித் தொடர் இருந்தது. முதலில் வந்தது சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மைப் படம், தமிழ்க் குரலோடு. கிரகம் விட்டுக் கிரகம் சரக்கு ஏற்றிப் போகிற ஒரு கப்பல். அதில் ஒரு கேப்டன், அவர் தங்கச்சி, மூன்று கால் உள்ள ஒரு பிராணி. கேப்டன் பாடப்புத்தகம் மாதிரி செந்தமிழ் பேசுவார். அந்தப் பிராணி மட்டும் பட்டணத்து ஆட்டோக்காரர் மாதிரி பேசும். பாப்பாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவள் அத்தா லீவில் வந்திருந்தாராம். லீவு முழுக்க அத்தாவும் மகளும் வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தோலுரித்துக்கொண்டு ஒன்றுவிடாமல் அதைப் பார்த்தார்களாம். திரும்பிப் போன பிறகு போன் செய்யும்போதெல்லாம் அவர் கேப்டன் குரலில்தான் தொடங்குவார். "தளத்திலிருந்து கலத்துக்கு. கேட்கிறதா?" பாப்பா இந்தப் பக்கம் நிமிர்ந்து நின்று, "கலம் கேட்டுக்கொண்டிருக்கிறது" என்பாள். நான் குடிவந்த புதிதில் இதை மாடிப்படியில் நின்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். எனக்கு அப்படிப் பேச அப்பா இருக்கவில்லை, அதனால் கொஞ்சம் பொறாமையும் பட்டிருக்கிறேன்.

பாப்பா எதைப் பார்த்தாலும் அதற்கு முன்னால் அக்கா பார்த்திருப்பார். பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒரு கையில் கீரையோடு உட்கார்ந்து, தொடரின் அடுத்த பகுதியை முழுக்க ஓட்டிப் பார்த்து, இது பாப்பாவுக்கு ஆகுமா என்று முடிவு செய்வார். ஆகாத இடம் வந்தால், சாயங்காலம் அந்த நேரத்துக்குச் சரியாக எழுந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் ஏதோ தேடுவது போல நிற்பார். மற்ற அம்மாக்கள் முத்தத்துக்கு நிற்பார்கள். அக்கா முத்தத்துக்கெல்லாம் அசைய மாட்டார். யாராவது யாரையாவது விட்டுவிட்டுப் போகிற இடத்துக்குத்தான் எழுந்திருப்பார். கப்பல் கிளம்பும், தரையில் ஒரு குழந்தை கையாட்டும், உடனே அக்காவின் முதுகு டிவியை மறைத்துவிடும். ஒளிந்திருக்கிற பூச்சாண்டியைக் காட்டினாலும் காட்டுவார், கையாட்டுவதைக் காட்ட மாட்டார்.

வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ, குவைத்திலிருந்து யாராவது ஊருக்கு வரும்போது, அவர்களிடம் கணவர் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தனுப்புவார். கயிறு கட்டி, மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதிய பெட்டி. தைலம், சோப்பு, பால் பவுடர், பேரீச்சை, அக்காவுக்கு ஒரு துணி, பாப்பாவுக்கு உடுப்பும் பொம்மையும். பிரிக்கும்போது என்னையும் கூப்பிடுவார்கள். உடுப்பு பாப்பாவின் தோளிலேயே நின்றுவிடும். செருப்பில் கால் பாதிதான் நுழையும். பொம்மைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், எப்போதும் ஆறு வயதுக்கு என்றே இருக்கும். வளைகுடாவுக்குப் போன வீடுகளில் இது ஒன்றும் புதிதில்லை என்று அக்கா சொன்னார். போனவர்கள் கடைசியாகப் பார்த்த உயரத்தைக் கையால் காட்டித்தான் கடையில் வாங்குவார்களாம். கோட்டக்குப்பத்தில் பாதிப் பிள்ளைகள் தம்பி தங்கச்சிக்குச் செருப்புச் சேர்த்து வைப்பதே இப்படித்தானாம்.

"செல்லுல தான் பாக்குறாரே, வளந்தது தெரியாதா?" என்று கேட்டேன்.

"செல்லுல எல்லாரும் ஒரே ஒசரம்தான் புள்ள" என்றார் அக்கா.

அந்தச் செருப்புகளை நான் விழுப்புரத்துக்கு எடுத்துப் போய் என் கூடப்பிறந்த அக்காவின் மகளுக்குக் கொடுப்பேன். அவளுக்கு அச்சாகப் பொருந்தும்.

பாப்பாவுக்குப் பதினொன்று நடக்கும்போது, இத்தனை வருடம் கழித்துக் கிடைத்த லீவும் தள்ளிப்போனது. பட்டறை கைமாறியது, புது முதலாளி இரண்டு வருடம் கழித்துத்தான் விடுவேன் என்றார். அந்த இடைவெளியில்தான் பாப்பா கிடுகிடுவென்று வளர்ந்தாள். போன் வந்தால் கலம் கேட்டுக்கொண்டிருப்பது மெல்ல மெல்ல நின்றது. முதலில் சோம்பலாகச் சொன்னாள், பிறகு "ம்" என்றாள், பிறகு குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் அவர் கேப்டன் குரலில் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருவக்கரைக்குப் போனார். அங்கே கல்லாகிப்போன மரங்கள் செம்மண்ணில் விழுந்து கிடக்கும், பார்த்தால் வேறு கிரகம் மாதிரிதான் இருக்கும். காவலாளியிடம் அக்கா வழக்கம்போல இதற்கு எத்தனை வயது என்று கேட்டு, அவர் சொன்ன பதிலைக் கேட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு செல்லை எடுத்து, ஒரு கல்மரத்துக்குப் பக்கத்தில் நின்று கேப்டன் மாதிரி அத்தாவுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார். பாப்பா அம்மாவைப் பார்த்தாள், சுற்றி நின்ற காலேஜ் பையன்களைப் பார்த்தாள். "நான் என்ன சின்னப்புள்ளயாம்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். அக்கா நீட்டிய செல்லைத் தாழ்த்திக்கொண்டார். அப்புறம் வெறும் மரத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பினார்.

மறுநாள் மாடிக்கு வந்தார். அந்தத் தொடரின் எல்லா பாகங்களையும் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை வயதுக்கு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் என் செல்லில் தேடிச் சொன்னேன். பொம்மைப் படம் ஆறேழு வயதுக்கு. அடுத்து வந்த சினிமாக்கள் பத்துக்கு மேலே. அதற்கப்புறம் ஆட்கள் நடித்து வந்த தொடர் பதின்மூன்றுக்கு மேலே, சிரிப்பு குறைந்து இருட்டு கூடிக்கொண்டே போகிறது என்று போட்டிருந்தது. அம்மா முன்னதாகப் பார்த்துவைக்கும் வழக்கம் நின்றுபோய், பாப்பா அந்தத் தொடரைத்தான் கொஞ்ச நாளாகத் தானே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"படம் எடுத்தவன் கெட்டிக்காரன். மொத படத்தப் பாத்த புள்ளைங்க வளந்துக்கினே போவும்னு தெரிஞ்சு படத்தையும் வளத்துக்கினே போயிருக்கான். நம்மாளுதான் மொத படத்துலயே நின்னுக்கினு இருக்காரு."

அவரை அடுத்தடுத்த படங்களைப் பார்க்கவைக்க வேண்டும் என்பதுதான் அக்காவின் திட்டம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த லீவுக்கு ஒரு வருடம்கூட இல்லை, அதற்குள் அவர் மகளின் வயதுக்கு வந்து சேராவிட்டால், வாசலில் வந்து நிற்கப்போவது யாரோ ஒரு விருந்தாளி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அக்காவின் சொந்தத்திலேயே அப்படி ஒரு வீடு உண்டு. இருபது வருடம் சம்பாதித்து அனுப்பிவிட்டு வந்த மனுஷரிடம், மகன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதோடு சரி. அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கிவிடும்.

குவைத்துக்காரர் லேசில் மசியவில்லை. அக்கா பார்க்கச் சொன்னதும், பொம்மைப் படத்தின் அடுத்த பாகங்கள்தானே என்று ஒரு வெள்ளிக்கிழமை, வாரத்தில் அவருக்கு இருந்த ஒரே ஓய்வு நாளில், கடைசித் தொடரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். முதல் பகுதியிலேயே கப்பல் தீப்பிடிக்கிறது, பாதிப் பேர் சாகிறார்கள். உடனே போன் வந்தது. நான் துணி அலசிய வாளியோடு படியிறங்கிக்கொண்டிருந்தேன், சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தார். இந்தக் கருமத்தையா என் பிள்ளைக்குக் காட்டுகிறாய், நான் இங்கே வேர்வை சிந்துவது நீ அதைக் கெடுப்பதற்கா என்று அவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இன்றோடு அதை நிறுத்து என்றார். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து செல்லைக் காதில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதாங்க. நீங்க விட்டுட்டுப் போன புள்ளைக்கு இது ஆவாது. இப்ப இங்க வேற புள்ள வளந்து நிக்குது, அதுக்கு ஆவும். எந்தப் புள்ளைக்கு அத்தாவா வரப்போறீங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். பிசைந்து முடித்த மாவையே அவர் மறுபடி பிசைய ஆரம்பித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க போன் வரவில்லை. மூன்று கிண்ணத்துக் குழம்பும் ஒரே காரத்தில் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. காலைத் தொழுகை முடிந்து அறைக்கு வந்து, மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, இரண்டாவது சினிமாவைப் பார்த்து முடித்ததாகச் சொன்னாராம். அந்த மூன்று கால் பிராணி ஏன் இதில் பேசவே இல்லை என்று கேட்டாராம். அக்கா எனக்கு என்ன தெரியும் என்று சொல்லவில்லை. இருங்க கேட்டுச் சொல்கிறேன் என்றார். சாயங்காலம் பாப்பா பள்ளியிலிருந்து வந்ததும், தனக்கு வந்த சந்தேகம் மாதிரி அதைக் கேட்டார். பாப்பா ஆச்சரியப்பட்டு விளக்கினாள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த விளக்கம் குவைத்துக்குப் போனது, புதுச் சந்தேகம் ஒன்று திரும்பி வந்தது.

இப்படியே மாதக்கணக்கில் போனது. கேள்விகளைச் சரியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமே என்று அக்காவும் எல்லாவற்றையும் பார்த்தார். உண்மையில் அவருக்கு அந்தப் படங்கள் கொஞ்சமும் பிடிக்காது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, கண்ணை அரைக்கண்ணாக மூடிக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்தபடி பார்ப்பார். கேப்டன் ஒரு கதவை மூடுகிற இடம் வரும். நெருப்பு பரவுகிறது, மூடாவிட்டால் கப்பலே போய்விடும், ஆனால் கதவுக்கு அந்தப் பக்கத்தில் தங்கச்சி நிற்கிறாள். அந்த இடத்தில் அக்கா என் கையில் நகம் பதித்துவிட்டார். "என்னா பேஜாரு புடிச்ச கத" என்று முணுமுணுத்துக்கொண்டே, நிறுத்தாமல் முடிவு வரை பார்த்தார். மறைத்து நிற்க அன்று டிவிக்கு முன்னால் அவர் எழுந்து போகவில்லை.

பக்ரீத் பெருநாளுக்கு முன்னால் கணவர் லீவில் வந்தார். முதல் இரண்டு நாள் எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது. ஒல்லியாக, முன்நெற்றி ஏறிப்போய், வீட்டில் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று தெரியாதவர் மாதிரி இருந்தார். பாப்பா அவருக்கு முன்னால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே நடந்தாள். அவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். பெட்டியில் இந்த முறை பொம்மை இல்லை. ஒரு கைக்கடிகாரம் இருந்தது, அதுவும் அக்காவிடம் கேட்டு வாங்கியது. நன்றி அத்தா என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்கிற நன்றி அது. அக்கா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டுக்கு என்னையும் உட்காரச் சொன்னார்கள். பாதிச் சாப்பாட்டில் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். கேப்டன் குரலில் இல்லை, சொந்தக் குரலில்.

"அந்தக் கேப்டன் கதவ மூடியிருக்கக் கூடாதும்மா."

பாப்பா நிமிர்ந்தாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள். அக்கா தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க அது வரைக்கும் பாத்தீங்களா?"

"அதுக்கு அப்புறமும் பாத்தேன். எனக்கு மனசே ஆறல. கூடப் பொறந்தவ அந்தாண்ட நிக்கிறா, எப்படி மூட முடியும்?"

"மூடலன்னா எல்லாரும் செத்துருப்பாங்க அத்தா. அது அவளுக்கும் தெரியும். கோவம் இருக்கும். ஆனா தெரியும்."

"அதுக்கப்புறம் திரும்பி வந்தாளே, அண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசலியே."

"எப்படிப் பேசுவா? எத்தினி வருஷம்."

அவர் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. "இனிமே பேசுவாளா?" என்று கேட்டார்.

பாப்பா தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். அடுத்த பாகம் இன்னும் வரவில்லை என்றாள். பிறகு, தான் அந்த இடத்தில் இருந்தால் முதலில் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு அப்புறம்தான் பேசுவேன் என்றாள். போடு, எவ்வளவு வேண்டுமானாலும் போடு என்றார் அவர். அன்று சாயங்காலத்து அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கேப்டனில் ஆரம்பித்து, பள்ளிக்கூடம், குவைத்து வெயில், மேல் கட்டிலில் மூட்டைப்பூச்சி, யார் யாருக்குப் பிறந்தநாளைக்குப் போன் பண்ணவில்லை என்று சண்டை எங்கெங்கோ போனது. பாப்பா அழுதாள், கத்தினாள், கடைசியில் அவர் ஏதோ சொல்லக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அக்கா அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு கூடத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "பேசிக்கினாங்கல்ல" என்றார். ஆமாம் அக்கா என்றேன். "ஒரு வார்த்த உள்ள வந்து கேக்கல பாரு, நான் எந்தக் கட்சின்னு" என்று சிரித்தார். அதை நான் அப்போது விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

லீவு முடிந்து போகும்போது அவர் மகளுக்கு ஒரு செல் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை அழைப்பு நேராகப் பாப்பாவுக்கே வந்தது. பள்ளி நாளாக இருந்தால் அவள் வந்து சேரும் வரை காத்திருந்து கூப்பிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவாள். கடைசியில் அக்காவிடம் செல்லை நீட்டுவாள். சாப்பிட்டியா, உடம்பு எப்படி, மாமா வீட்டுக்குப் போனியா, வைக்கட்டுமா. மாதக்கணக்காக இரண்டு பேரின் கேள்வியையும் பதிலையும் சுமந்து திரிந்தவருக்கு இப்போது சுமக்க ஒன்றும் இல்லை. அதைப் பற்றி விசாரித்தபோது, நான் ஆசைப்பட்டதுதானே நடந்திருக்கிறது என்றார். உண்மைதான். அவர் முகத்தில் வருத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பஸ் போய்விட்ட பிறகு நிறுத்தத்தில் நிற்கிறவர் மாதிரி இருந்தார், அவ்வளவுதான்.

ஒரு விடுமுறை நாளில் மத்தியானம் மாடிக்கு வந்தார். பாப்பா டியூஷனுக்குப் போயிருந்தாள். என் கட்டிலில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு படம் போடு என்றார். என்ன படம் அக்கா என்றேன்.

"எனக்கு ஏத்ததா ஒன்னு போடு."

நான் செல்லை எடுத்துவிட்டு விழித்தேன். அந்த வீட்டில் இத்தனை நாள் இருந்து, யாருக்கு என்ன ஆகும் என்று அவரிடமே கற்றுக்கொண்டிருந்தும், அவருக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியவில்லை. என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டேன். சண்டை வேண்டாம், சாவு வேண்டாம் என்றார். காதல் படமா என்றேன், அது உனக்கு என்றார். பக்திப் படமா என்றேன், அது தெருக்கோடிப் பெரியம்மாவுக்கு என்றார். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

"யாரும் யாரையும் வுட்டுட்டு எங்கயும் போவக் கூடாது. எல்லாரும் ஒரே வூட்டுல இருக்கணும். அப்படி எதனா இருக்குதா பாரு."

நான் தேடித் தேடிப் பார்த்தேன். கதைச் சுருக்கத்தைப் படித்துப் படித்துத் தள்ளினேன். எல்லாவற்றிலும் முதல் வரியிலேயே யாரோ ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கிளம்பாமல் கதையே ஆரம்பிக்காது போலிருக்கிறது. அக்கா சிரித்துவிட்டு, அப்படியே என் தலையணையில் சாய்ந்து தூங்கிப்போனார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பாப்பா வந்து கீழே கூப்பிடும் வரை நான் மின்விசிறியின் வேகத்தைக்கூடக் கூட்டவில்லை, சத்தத்தில் விழித்துவிடுவாரோ என்று.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி விழுப்புரத்துக்கே திரும்பிவிட்டேன். கல்யாணத்துக்கு வந்து, புடவைக் கடையில் என் வயதுக்கு என்று அவரே தேர்ந்தெடுத்த புடவையைக் கொடுத்தார். கொஞ்ச நாள் போனில் பேசிக்கொண்டோம். பாப்பா சென்னையில் காலேஜ் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். திண்டிவனத்து வீட்டை விற்றுவிட்டார்கள், பொம்மையார்பாளையம் பக்கம் கடலோரமாகக் குடிபோய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, கணவர் குவைத்துக்கே அழைத்துக்கொண்டுவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது உண்மையாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

போன மாதம் அந்த விண்வெளிக் கதையின் கடைசிப் பாகம் வந்தது. என் மகனுக்காகப் போட்டேன். அவன் பாதியில் எழுந்து விளையாடப் போய்விட்டான். என் கணவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். கப்பலைத் தரையில் இறக்கிவிட்டார்கள், இனி அது பறக்காது. கேப்டனுக்கும் தங்கச்சிக்கும் தலை நரைத்துவிட்டது. கப்பலையே வீடாக்கிக்கொண்டு இருக்கிறார்கள். அவர் காய் நறுக்குகிறார், அவள் கூரை ஒழுகலை அடைக்கிறாள், உப்பு போதுமா என்று சண்டை போடுகிறார்கள். யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் விட்டு எங்கும் போகவில்லை. ஊரெல்லாம் திட்டுகிறார்கள். குழந்தைகளும் பார்க்க முடியாது, பெரியவர்களுக்கும் பொறுமை இருக்காது, இதை யாருக்காக எடுத்தார்கள் என்று செல்லில் எழுதியிருக்கிறார்கள்.

யாருக்கு என்று எனக்குத் தெரியும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் பழைய எண்ணுக்குப் போட்டேன். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்காரவைத்து, முதலிலிருந்து இதைப் போட்டுக் காட்ட வேண்டும்.